ரிவர்ஸ்ல ஓடின நடவு

விஸ்காம் டிபார்ட்மென்ட்டுக்குப் புதுசா வந்திருக்கிற வாத்தியாருங்க எல்லாருக்கும் வணக்கம். என்னை எதுக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். ‘பசங்க எடுக்கிற வீடியோவுக்கு எப்படி மார்க் போடுறதுன்னு ஒரு அரைமணி பேசுங்க மேடம்’னு உங்க ஹெச்.ஓ.டி. சொன்னாரு. அரைமணிக்குள்ள நான் பேசி முடிச்சதா சரித்திரமே கிடையாது. டீ வந்தா குடிங்க, பஜ்ஜி வந்தா எனக்கும் ஒண்ணு எடுத்து வைங்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறேன்.

நான் பெரிய படிப்பு படிச்சிட்டு இந்த வேலைக்கு வந்தவ இல்ல. கும்பகோணத்துல ஒரு ஸ்டுடியோவுல கல்யாண கேசட் மிக்ஸிங் பண்ணிக்கிட்டிருந்தேன். மாப்பிள்ளை பொண்ணை ரோஜாப்பூவுக்குள்ள சுத்த விடுறது, ரெண்டு பேரையும் சுவிட்சர்லாந்துப் பனிமலையில நிக்க வைக்கிறது எல்லாம் இந்தக் கையாலதான். அப்புறம் தபால்ல டிகிரி வாங்கி, ஒரத்தநாடு ரோட்டுல ஒரு காலேஜ் வீடியோ லேபுக்கு வந்து, அப்படியே வாத்தியாரம்மா ஆயிட்டேன். சிரிக்காதீங்க, அந்த ரோஜாப்பூதான் எனக்குச் சோறு போட்டுச்சு.

அந்த ஸ்டுடியோவுக்குப் புதுசா ஒருத்தர் வந்து சேர்ந்தார். சென்னையில படிச்சிட்டு வந்தவர். தாலி கட்டுறதை எப்பவும் நாங்க மூணு தடவை காட்டுவோம்: ஒரு தடவை நேரா, ஒரு தடவை மெதுவா, ஒரு தடவை கெட்டிமேளம் வாசிக்கிறவர் மூஞ்சியோட சேர்த்து. இவரு ‘இதெல்லாம் அரதப்பழசு’ன்னுட்டு ஒரே தடவை, அதுவும் முதுகுப் பக்கத்துலேருந்து, பொண்ணோட ஜடையை மட்டும் காட்டி விட்டுட்டார். பொண்ணோட அப்பா கேசட்டைத் தூக்கிக்கிட்டு வந்துட்டார். “என் பொண்ணுக்குத் தாலி ஏறுச்சா ஏறலையான்னே தெரியலையேய்யா! சம்பந்தி வீட்டுல எதைப் போட்டுக் காட்டுவேன்?”னு அப்படி ஒரு சத்தம். எங்க முதலாளி அவரை உக்கார வச்சு, காபி வாங்கிக் குடுத்து, கண்ணு முன்னாடியே மூணு தடவையும் ஒட்டிக் குடுத்து அனுப்பினார். அப்புறம் அந்தப் புது ஆளைக் கூப்பிட்டு, “தம்பி, ஒரு ஷாட்டை ஊரே திரும்பத் திரும்பப் போடுதுன்னா, பாக்குறவங்களுக்கு அதுல ஏதோ அர்த்தம் இருக்கு. அது என்னன்னு கேட்டுக்கிட்டு அப்புறமா கை வை”ன்னார். அவர் சொன்னதுல பாதிதான் எனக்கு அன்னிக்குப் புரிஞ்சுது. மீதி பாதி பல வருஷம் கழிச்சு, தினேஷ்னு ஒரு பையன் எடுத்த பாட்டுல புரிஞ்சுது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

கடைசி வருஷப் பசங்களுக்கு எங்க காலேஜ்ல ஒரு வேலை உண்டு. ஒரு இண்டி மியூசிக் வீடியோ எடுக்கணும். சினிமாக் கம்பெனி யாரும் பின்னாடி கிடையாது. தானே எழுதி, தானே பாடி, தானே எடுத்து நெட்டுல போடணும். அதோட, ‘என் வீடியோ இந்த வகைப் பாட்டோட மரபுகளை எப்படிப் பின்பற்றுது’ன்னு ஒரு கட்டுரையும் எழுதித் தரணும்.

இந்த இடத்துல உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். இண்டின்னா சுதந்திரம், யாரையும் பாத்துப் பண்றதில்லைன்னு பசங்க மார்தட்டுவாங்க. ஆனா ஒரு வருஷத்து வீடியோ எல்லாத்தையும் வரிசையாப் போட்டுப் பாத்தா, எது யாரோடதுன்னு பெத்தவங்களுக்கே தெரியாது. சித்திரை வெயில்ல கறுப்பு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஒருத்தன் நடந்து வருவான். பின்னாடி நாலு பேரு கையைக் கட்டிக்கிட்டு முறைப்பாங்க. பாடுறவங்க நேரா நம்ம கண்ணைப் பாத்துப் பாடுவாங்க. தாளம் விழுற இடத்துல ஷாட் மாறும். நடுவுல ஒரு கிழவர் முகச் சுருக்கம், க்ளோசப்ல. அந்த வருஷம் டெல்டா பூரா எரிவாயு, எண்ணெய்க் குழாய்னு போராட்டம் நடந்துக்கிட்டிருந்ததால, இன்னொண்ணும் சேர்ந்துக்கிச்சு: வெடிச்ச தரையில ஒத்தைச் செருப்பு. ஊரே தண்ணி ஓடிக்கிட்டிருக்கிற புரட்டாசி மாசத்துல வெடிச்ச தரை எங்கேடா கிடைக்கும்னா, ஒரு குரூப்பு ஹாஸ்டல் பின்னாடி சேத்தைக் கொட்டி, அடுப்புப் பத்த வச்சுக் காய வச்சுது. ஹாஸ்டல் வார்டன் என்னைத்தான் கூப்பிட்டு ஏசினார்.

நான் இதையெல்லாம் கேலி பண்ணுவேனே தவிர, தப்புன்னு சொல்ல மாட்டேன். பசங்க அப்படித்தான் ஒரு வகையைக் கத்துக்கிறாங்க. எல்லாரும் போடுற ஷாட்டை ஒரு தடவை போட்டுப் பாத்தாத்தான் அது எங்க கடிக்குதுன்னு தெரியும்.

தினேஷுக்கு ஊரு ஒரத்தநாட்டுக்குப் பக்கம். அவங்க தாத்தா காலத்துல அடுத்தவங்க வயல்ல கூலிக்கு இறங்கின குடும்பம், இவன்தான் முதல்ல காலேஜுக்கு வந்தவன். அரசாங்கம் குடுத்த இலவச லேப்டாப்பை வச்சுக்கிட்டே அப்படி எடிட் பண்ணுவான், லேபுல இருக்கிற பெரிய மெஷினே வெக்கப்படணும். பாடினது கயல். வேதாரண்யம் பக்கத்துல மீன்பிடிக்கிற குடும்பத்துப் பொண்ணு. கரையில நின்னு படகுக்காரங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை, மைக்கே வேண்டாம்.

அவங்க பாட்டு தண்ணியைப் பத்தினது. போன ஆத்துத் தண்ணி, கைவிட்டுப் போன மண்ணு எல்லாம் திரும்பி வரணும்கிறது கருத்து. ‘காவேரி வா, வயலோரம் வா’ன்னு திரும்பத் திரும்ப வரும், நல்ல மெட்டு. திரும்பி வரணும்கிறதைக் காட்ட தினேஷ் ஒரு வித்தை புடிச்சான். இந்த வகை வீடியோவுல அதுவும் ஒரு மரபுதான், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்: உலகம் பூரா பின்பக்கமா ஓடும், பாடுறவங்க வாய் மட்டும் நேரா பாடும். அதுக்கு முதல்ல பாட்டை கம்ப்யூட்டர்ல ரிவர்ஸ் பண்ணணும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணணும். கேமரா முன்னாடி அதையே பாடணும். அப்புறம் படத்தைத் திருப்பி ஓட்டினா, வாய் சரியா ‘காவேரி வா’ன்னு அசையும், சுத்தி இருக்கிறது எல்லாம் பின்னாடி போகும்.

கயல் ஹாஸ்டல்ல ராத்திரி பகலா அதைப் படிச்சா. ரிவர்ஸ் பண்ணினா அந்த வரி, ‘ஆவ் மரோலயவ், ஆவ் இரேவாக்’னு வரும். ரூம்ல கூட இருந்த பொண்ணுங்க எங்கிட்ட வந்து, “மேடம், அவளுக்கு மந்திரிச்சு விடணும்”னு முறையிட்டுச்சுங்க.

படம் புடிச்சது தினேஷோட பெரியம்மா அஞ்சம்மாள் வயல்ல. சம்பா நடவு. நானும் போயிருந்தேன், வேடிக்கை பாக்கத்தான். நடவுப் பொம்பளைங்க வரிசையா குனிஞ்சு நட்டுக்கிட்டே பின்னாடி பின்னாடி போறாங்க. அவங்களுக்கு முன்னால முழங்கால் சேத்துல நின்னுக்கிட்டு கயல் பாடுறா. வரப்புல ஸ்பீக்கர் அலறுது. தினேஷுக்கு கேமரா வழுக்கிக்கிட்டு வர்ற மாதிரி ஒரு ஷாட் வேணும். அதுக்கு, சேத்தைச் சமப்படுத்துற பரம்புப் பலகை மேல ஏறி நின்னுக்கிட்டு, பவர் டில்லர்காரரை இழுக்கச் சொன்னான். முதல் இழுவையிலேயே ஆளு அந்தப் பக்கம், பலகை இந்தப் பக்கம். கேமராவை மட்டும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சேத்துலேருந்து எழுந்தான் பாருங்க, நடவே நின்னு போச்சு, அப்படி ஒரு சிரிப்பு.

“என்னடி பாப்பா பாஷை இது? கடக்கரைப் பாஷையா?”ன்னு அஞ்சம்மாள் கேட்டாங்க.

“ஆமாங்கத்தே. எங்க ஊர்ல மீனுகிட்ட இப்படித்தான் பேசுவோம்”னா கயல்.

“மீனு பதில் சொல்லுமா?”

“வலையில விழுந்தப்புறம் சொல்லுங்க.”

வெயில் ஏறுற வரைக்கும் டேக் மேல டேக். எடுத்ததையெல்லாம் கோத்து, திருப்பி ஓட்டினா, ஐயோ, அவ்வளவு அழகு! பச்சை நாத்து ஒவ்வொண்ணா சேத்துலேருந்து எழும்பிப் பொம்பளைங்க கைக்குள்ள வந்து சேருது. கடைசியில வெறும் சேறு, வானம், நடுவுல கயல். தினேஷ் எழுதின கட்டுரையும் சுத்தம். நேரா பாத்துப் பாடுறது, தாளத்துக்கு வெட்டுறது, ரிவர்ஸ், எல்லா மரபும் இருந்துச்சு. வகுப்பிலேயே அதிக மார்க் போட்டேன். வீடியோவை நெட்டுல ஏத்தினாங்க, பசங்க ஆஹா ஓஹோன்னாங்க. லேப்டாப்புல இடம் இல்லைன்னு மூலப் படத்தையெல்லாம் அழிச்சிட்டான் தினேஷ். இந்தப் பசங்க எப்பவும் அப்படித்தானே!

இப்ப அஞ்சம்மாள் வயலைப் பத்திச் சொல்லணும். அது ஒரு பழைய மிராசு குடும்பத்து நிலம். பெரியவர் இருந்தவரைக்கும் வாய்வார்த்தையில குத்தகை. அஞ்சம்மாள் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அதுலதான் பாடுபடுறாங்க, வருஷா வருஷம் நெல்லளந்துடுவாங்க, ஒரு காகிதமும் கிடையாது. பெரியவர் போனப்புறம் அவரோட பேரன் வந்தார். ரோட்டோர நிலமாச்சே, பிளாட் போடணும்னு ஆசை. சாகுபடி பண்றவங்களை லேசுல வெளியேத்த முடியாதுன்னு சட்டம் இருக்கு. ஆனா சாகுபடி பண்றது நாமதான்னு காட்டணுமே! அஞ்சம்மாள் பேரு எந்தப் பதிவுலயும் இல்ல. குத்தகை வழக்கு விசாரிக்கிற வருவாய்த்துறை அதிகாரிகிட்ட பேரன் போட்ட கேஸ், நாங்க படம் எடுக்கிறப்பவே நடந்துக்கிட்டிருந்துச்சு. பசங்களும் எங்கிட்ட சொல்லல, நானும் கேட்கல.

அந்தக் கேஸ்ல பேரனோட வக்கீல் ஒரு வீடியோவைத் தாக்கல் பண்ணினார். ‘நிலத்துல நாங்கதான் நடவு போட்டோம். அஞ்சம்மாள் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வந்து, நட்டதையெல்லாம் பிடுங்கிப் போட்டாங்க. நாங்க மறுபடியும் நட வேண்டியதாப் போச்சு. இதோ, அவங்களே பாட்டு போட்டுக் கொண்டாடுறதைப் பாருங்க.’ நம்ம தினேஷ் வீடியோதான். தலைப்பை, ஆரம்பத்தையெல்லாம் வெட்டிட்டு, நாத்து கைக்கு வர்ற அந்தத் துண்டு மட்டும்.

உங்கள்ல டவுன்காரங்களுக்கு இது சாதாரணமாப் படலாம். இந்தப் பக்கத்துல நட்ட நாத்தைப் பிடுங்குறதுன்னா சாதாரணமில்லீங்க. நிலத்தகராறு நடந்த காலத்துல எல்லாம், குத்தகைக்காரனை வெளியேத்தணும்னா முதல்ல அவன் நட்டதைத்தான் பிடுங்கி வரப்புல வீசுவாங்க. அடிதடி, ஆஸ்பத்திரி, ஜெயிலு எல்லாம் அதுலேருந்துதான் தொடங்கும். அதைப் பாத்து வளர்ந்த ஊர்ல, எங்க பையன் அதையே அழகு அழகா தாளத்துக்கு எடுத்து வச்சிருக்கான்! அவன் கண்ணுக்கு அது ரிவர்ஸ் எஃபெக்ட். என் கண்ணுக்கும் அதுதான். எங்க முதலாளி சொன்னதுல மீதி பாதி எனக்கு அப்பதான் மண்டையில ஏறுச்சு.

அஞ்சம்மாள் லேபுக்கு வந்தாங்க. அதுவரைக்கும் அவங்க அந்த வீடியோவைப் பாக்கவே இல்ல. பாத்தாங்க. எல்லாத்துக்கும் சிரிக்கிற பொம்பளை, சிரிக்கல. “டேய் தினேசு, நட்டதைப் பூரா என் கையாலயே பிடுங்க வச்சிட்டியேடா”ன்னாங்க. அவன் மேசையில தலையைக் கவுத்துக்கிட்டு அழுதுட்டான். நிலம் போயிடும், அதோட அத்தனை நடவுப் பொம்பளைங்க மேலயும் போலீஸ் கேஸ் வரும்.

பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். “உடனே அழிச்சிடுங்க மேடம். காலேஜுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதிக் குடுத்துடலாம்.”

“எழுதிக் குடுங்க சார். மார்க் போட்டு கையெழுத்துப் போட்டது நான். அதை என்ன பண்ணுவீங்க? இப்ப அழிச்சா, பயந்து அழிச்சாங்கன்னுதான் வக்கீல் பேசுவார். வீடியோ அங்கேயே இருக்கட்டும்”னேன். அவருக்குக் கோவம், எனக்கு அதைவிடக் கோவம். கதவு கொஞ்சம் வேகமாச் சாத்திக்கிச்சுன்னு வைங்களேன்.

திரும்பி லேபுக்கு வந்தா, தினேஷ் ஒரு யோசனையோட உக்காந்திருக்கான். “மேடம், பக்கத்து ஊர்ல குறுவை அறுத்துட்டு இப்பதான் தாளடி நடவு நடக்குது. போய் எடுத்துக்கிட்டு வந்து, இதுதான் மூலப் படம்னு காட்டிடலாம். கலர் மேட்ச் பண்ணிடுவேன், ஒரு பய கண்டுபுடிக்க முடியாது.” அவனால முடியும். அதுதான் எனக்குப் பயம். ஒரு நிமிஷம் எனக்கே சபலம் தட்டுச்சு, பொய் சொல்லுவானேன்! ஆனா சொன்னேன்: “டேய், அந்த ஒரு துண்டு பொய்னு தெரிஞ்சா, உங்க பெரியம்மா வாயிலேருந்து வர்ற எதையும் அதுக்கப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க. எடுத்ததை எப்படி எடுத்தோம்னு போய்ச் சொல்லுவோம். நடக்கிறது நடக்கட்டும்.” வாத்தியாருங்களே, பசங்க கையில வித்தை இருக்கும். எங்க அதைக் காட்டக்கூடாதுன்னு சொல்லத்தான் நமக்குச் சம்பளம்.

விசாரணை அன்னிக்கு நடவுப் பொம்பளைங்க எல்லாரும் வேன் புடிச்சு வந்துட்டாங்க. ஆபீஸ் ஹால் நிறைஞ்சு, வராந்தாவுலயும் கூட்டம். அதிகாரி கொஞ்சம் வயசானவர், மூஞ்சியில ஒண்ணும் தெரியாது. பக்கத்துல டைப்பிஸ்ட். எங்க லேப்டாப்பை மேசையில வச்சு, தினேஷ் வீடியோவை முதல்ல நெட்டுல இருக்கிறபடி ஓட்டினான், அப்புறம் திருப்பி ஓட்டினான். திருப்பி ஓட்டினதுல நடவு நடக்குது.

வக்கீல் எழுந்தார். கெட்டிக்காரர், அதை ஒத்துக்கணும். “ஐயா, கம்ப்யூட்டர்ல எதையும் எப்படியும் திருப்பலாம். எது நிஜம், எது திருப்பினதுன்னு எப்படித் தெரியும்? ஒரே ஒரு அடையாளம் இருக்கு. அந்தப் பொண்ணோட வாயைப் பாருங்க. பிடுங்குற மாதிரி ஓட்டுறப்ப வாய் பாட்டோட ஒத்துப்போகுது. நடுற மாதிரி ஓட்டுறப்ப என்னமோ கோணிக்கிட்டுப் போகுது. மனுஷங்க நேராத்தான் பாடுவாங்க. அப்ப எது நிஜம்?”

“சேத்துத் தண்ணி தெறிக்கிறதைப் பாருங்க சார்”னு நான் நடுவுல புகுந்தேன்.

“நாத்தைப் பிடுங்கினாலும் தண்ணி தெறிக்கும் மேடம்”னார் அவர், ரொம்ப மரியாதையா.

அதிகாரி கயலைப் பாத்தார். “நீதானே பாடினது? நேராவா பாடினே?”

“இல்லீங்க சார். தலைகீழா.”

“தலைகீழாவா? இப்ப பாட முடியுமா?”

அவ எழுந்து நின்னா. திருப்பி ஓட்டின வீடியோவை, சத்தமில்லாம, தினேஷ் தொடங்கினான். கயல், “ஆவ்…”ன்னா. அவ்வளவுதான். கடலுக்கே கேக்குற குரல் அந்த எழுத்தோட நின்னுடுச்சு. கண்ணுல தண்ணி. படிச்சு மாசக்கணக்காச்சு, எதிர்ல கறுப்புக்கோட்டு, பெரியம்மா நிலம் அவ வாயில தொங்குது, பாவம், எப்படி வரும்? வக்கீல் உதட்டோரத்துல லேசா சிரிச்சார். நான் சேலைத் தலைப்பை முறுக்கு முறுக்குன்னு முறுக்கிக்கிட்டிருக்கேன்.

அப்ப வராந்தாவுலேருந்து ஒரு குரல். “ஆவு மரோலயவூ… ஆவு ரேவாக்கூ…”

இன்னொரு குரல் சேர்ந்துச்சு. அப்புறம் மொத்த நடவுக் கோஷ்டியும். நான் திகைச்சுப் போயிட்டேன். படம் புடிச்ச அன்னிக்குக் காலையிலேருந்து டேக் மேல டேக்கா ஸ்பீக்கர்ல அதையே அலற விட்டோமா, அது அவங்க நாக்குல ஒட்டிக்கிச்சு. அந்த சம்பா பூரா, ஊர் ஊரா அதையே பாடித்தான் நட்டிருக்காங்க! எங்களுக்கு யாருக்கும் அது தெரியவே தெரியாது. இழுத்து, வளைச்சு, நடுநடுவுல குலவையும் போட்டு, பாட்டை அவங்க பாட்டா ஆக்கியிருந்தாங்க. அஞ்சம்மாள் எழுந்து கயல் பக்கத்துல வந்து நின்னு பாடினாங்க. கயலுக்குக் குரல் திரும்பி வந்துடுச்சு. அவ சேர்ந்தா பாருங்க, ஃபேன் அதிர்ந்துச்சு. தினேஷ் படத்தை மறுபடியும் தொடங்கினான். ஸ்க்ரீன்ல பாத்தா, நடவு நடக்கிற அந்தப் படத்துல அவ வாய் ஒவ்வொரு எழுத்துக்கும் அச்சு அசலா ஒத்துப்போகுது.

“என்னங்கய்யா இது, கோர்ட்டா கோயிலா?”ன்னார் வக்கீல்.

டைப்பிஸ்ட் மெதுவா, “சார், அவங்க சொல்றதை எப்படி அடிக்கிறது?”ன்னு கேட்டார். அதுவரைக்கும் மூஞ்சியில ஒண்ணும் காட்டாத அந்த அதிகாரி, மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுச் சிரிச்சார். ஹாலே சிரிச்சுது. வக்கீல்கூட வாயை மூடிக்கிட்டுத்தான் உக்காந்தார், ஆனா தோள் குலுங்குனதை நான் பாத்தேன்.

சிரிப்பு அடங்கினப்புறம் அதிகாரி கேட்டார்: “வக்கீல் சார், இந்த வீடியோவைத் தாக்கல் பண்ணது யாரு?”

“நாங்கதாங்க ஐயா.”

“இதுல இருக்கிறது உங்க கட்சிக்காரர் நிலம்தானே? சந்தேகமில்லையே?”

“நிலம் எங்களுதுதான்.”

“இதுல இருக்கிறது அஞ்சம்மாள்தானே?”

அவர் குனிஞ்சு ஃபைலைப் புரட்ட ஆரம்பிச்சார். எங்க போய் நிக்கிறோம்னு அவருக்குப் புரிஞ்சிருச்சு. எனக்கு அப்பவும் புரியல. பசங்களுக்கும் புரியல. நாங்க ஏதோ பழியைத் துடைக்க வந்தோம்னு நெனைச்சுக்கிட்டிருக்கோம்.

அதிகாரி அஞ்சம்மாள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, கேஸ் நடந்துக்கிட்டிருக்கிற நிலத்துல, நடவு நேரத்துல, இந்தப் பசங்களை ஏன் படமெடுக்க விட்டீங்க? வேலை கெடாதா?”

“கெடும்தாங்க ஐயா. ஆனா இத்தனை வருசம் நான் அந்த வயல்ல நின்னதுக்கு ஒரு காயிதமும் இல்லீங்க. படத்துலயாச்சும் நான் நிக்கட்டுமேன்னுதான் விட்டேன்.”

அப்படிச் சொல்லிட்டு, சத்தமாச் சொல்லிட்டமோன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. தினேஷ் எங்கிட்ட எழுதிக் குடுத்த அந்தக் கட்டுரையில எல்லா மரபும் இருந்துச்சு, இது இல்ல. ஒரு ஆளு ஏன் கேமரா முன்னாடி வந்து நிக்கிறாங்கன்னு நானும் கேட்கச் சொல்லல. அன்னிக்கு அப்புறம், படத்துல இருக்கிறவங்களுக்கு முதல்ல போட்டுக் காட்டாம ஒரு வீடியோவும் என் லேபை விட்டு வெளிய போகல. மார்க் எல்லாம் அதுக்கப்புறம்தான். நீங்களும் அப்படியே பண்ணுங்க.

அதிகாரி டைப்பிஸ்ட்டைப் பாத்து நிதானமாச் சொன்னார்: “அடிங்க. ‘மேற்படி நிலத்தில் நடவு செய்து சாகுபடி செய்துவருபவர் அஞ்சம்மாள் என்பது மனுதாரரே தாக்கல் செய்த காட்சியிலிருந்து தெரியவருகிறது.’”

மெஷின் சத்தம் நின்னுச்சு. அஞ்சம்மாள் நிமிர்ந்து, “ஐயா, என் பேரைச் சொன்னீங்களே, அதை இன்னொரு தரம் படிங்களேன்”னாங்க.

அவர் காகிதத்தை வாங்கி, முதல்லேருந்து படிச்சார்.